உங்க ரத்தத்துல ஒரு தீசிஸ்: மருத்துவ மேற்படிப்பு ஆய்வுகள் பற்றி ஒரு நீண்ட இழை

1/
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில உங்க வீட்டுல யாராவது அட்மிட் ஆகியிருந்தா, ஒரு இளம் டாக்டர் வந்து ரெண்டு பக்க ஃபார்ம்ல கையெழுத்து கேட்டிருக்கலாம். "ஒரு ஸ்டடிக்காகம்மா"ன்னு சொல்லியிருப்பார். நீங்களும் போட்டிருப்பீங்க. அந்தக் கையெழுத்து எங்க போகுது, அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? கொஞ்சம் கசப்பான விஷயம், நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
நான் எம்பிபிஎஸ். அரசு மருத்துவர். பிஜி இன்னும் படிக்கலை. "தீசிஸே எழுதாத ஆளு தீசிஸ் பத்திப் பேசலாமா"ன்னு கமெண்ட் வரும். தாராளமா பேசலாம். அந்த தீசிஸுக்கு ரத்தம் எடுக்கிறது, ப்ரொஃபார்மா நிரப்ப உதவுறது, "எதுக்கு சார் திரும்பவும் ரத்தம்"னு நோயாளி கேட்டா பதில் சொல்றது எல்லாம் வார்டு டூட்டியில இருக்கிற எங்களை மாதிரி ஆட்கள்தான்.

3/
தெரியாதவங்களுக்கு அடிப்படை. எம்பிபிஎஸ் முடிச்ச பிறகு எம்டி, எம்எஸ் மேற்படிப்பு 3 வருஷம். அந்த 3 வருஷத்துல ஒவ்வொரு மாணவரும் சொந்தமா ஒரு ஆய்வு செஞ்சு தீசிஸ் சமர்ப்பிக்கணும். இது கட்டாயம். இறுதித் தேர்வுக்கு 6 மாசம் முன்னாடியே கொடுத்தாகணும். தீசிஸ் ஏற்கப்படலைன்னா தேர்வு எழுத முடியாது.

4/
விதியோட நோக்கத்துல எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு நிபுணருக்கு ஆதாரத்தை எடை போடத் தெரியணும். நாளைக்கு ஒரு மருந்து கம்பெனி ரெப் வந்து "சார், இது மாரடைப்பை 40% குறைக்குது"ன்னு பளபள காகிதத்தை நீட்டும்போது, "எத்தனை பேருக்கு கொடுத்து, எத்தனைல இருந்து எத்தனையா குறைஞ்சது"ன்னு திருப்பிக் கேட்கத் தெரியணும். ஒரு தடவை தானே ஆய்வு செஞ்சு பார்த்தவருக்குத்தான் அந்தக் கேள்வி இயல்பா வாயில வரும்.

5/
ஆனா பல இடங்கள்ல நடக்கிறது என்ன? சேர்ந்த சில மாசத்துல "டாபிக் கொடு"ன்னு நெருக்குவாங்க. மாணவர் அப்பதான் வார்டு எந்தப் பக்கம்னு கத்துக்கிட்டு இருப்பார். தூக்கம் கிடையாது. சீனியர்கிட்ட போய் நிப்பார். சீனியர் நாலு வருஷம் முன்னாடி வேற கல்லூரியில வந்த தீசிஸோட பிடிஎஃப் கொடுப்பார். ஊர் பேரும் வருஷமும் மாறும். டாபிக் ரெடி.

6/
அடுத்தது எண்ணிக்கை. நூலகத்துல தீசிஸ் அலமாரியைப் போய்ப் பாருங்க. நோய் எதுவா இருந்தாலும் "100 நோயாளிகளில் ஒரு ஆய்வு"ன்னு வரிசையா நிற்கும். சர்க்கரை நோய்க்கும் 100, பாம்புக்கடிக்கும் 100. எப்படி எல்லா நோய்க்கும் ஒரே எண்ணிக்கை? இதுக்குப் பின்னாடி ஒரு சின்னக் கணக்கு இருக்கு.

7/
ஒரு விஷயம் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு. பாதிப்பேருக்கு இருக்கும்னு வெச்சுக்கிட்டு, விடை 5% முன்ன பின்ன இருந்தா போதும்னு சொன்னா 384 பேர் வேணும். 10% முன்ன பின்ன இருந்தா பரவாயில்லைன்னா 96 பேர் போதும். 96-ஐ முழுசாக்கினா 100! பல பேர் பின்னால இருந்து முன்னால வர்றாங்க. முதல்ல 100-ன்னு முடிவு, அப்புறம் அதுக்கு ஏத்த கணக்கு.

8/
இன்னும் கூத்து என்னன்னா, 100 பேர்ல 2 பேருக்கு மட்டுமே வர்ற ஒரு பாதிப்பு. அதுக்கும் "10% முன்ன பின்ன" போட்டா, சூத்திரம் "8 பேர் போதும்"னு சொல்லும்! 2% இருக்கிற ஒண்ணை 10% துல்லியத்துல அளக்கிறது, தங்கத்தை விறகுக்கடைத் தராசுல நிறுத்துற மாதிரி. சூத்திரம் தப்பில்லை. யோசிக்காம போட்டது தப்பு.

9/
இப்ப இந்த இழையோட மையத்துக்கு வர்றேன். "கடைசி நேரத்துல பிஜி மாணவர்கள் டேட்டாவை இட்டுக்கட்டுறாங்க, ஒழுக்கம் கெட்டுப்போச்சு"ன்னு பெரிய டாக்டர்கள் மேடையில பேசுவாங்க. நான் சொல்றது வேற. பொய் கடைசி மாசத்துல பிறக்கலை. திட்டத்துல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே பிறந்தாச்சு.

10/
கணக்குப் போடுங்க. மொத்தம் 36 மாசம். 6 மாசம் முன்னாடி சமர்ப்பிக்கணும்னா கையில 30. தலைப்பு, திட்டம், நெறிமுறைக் குழு அனுமதி எல்லாத்துக்கும் குறைஞ்சது 6 மாசம். மிச்சம் 24. எழுத, கைடு திருத்த, பைண்டிங் போட 4 மாசம். மிச்சம் 20. ஒவ்வொரு நோயாளியையும் 6 மாசம் தொடர்ந்து பார்க்கணும்னா, புது நோயாளியைச் சேர்க்கக் கிடைக்கிறது 14 மாசம்தான்.

11/
அந்த நோயோட மாசத்துக்கு 4 பேர் வார்டுக்கு வர்றாங்கன்னு வையுங்க. 14 மாசத்துக்கு 56 பேர். சில பேர் சம்மதிக்க மாட்டாங்க. சில பேர் டூட்டி மாத்துற நேரத்துல வந்துட்டு போயிடுவாங்க. சில பேர் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போனா திரும்ப வரமாட்டாங்க. உண்மையா கைக்குக் கிடைக்கிறது 35, 40. ஆனா திட்டத்துல எழுதியிருக்கிறது 100. மிச்சம் 60 பேரை எங்கிருந்து கொண்டு வர்றது? எக்செல்ல இருந்துதான்.

12/
இது உலகம் முழுக்கத் தெரிஞ்ச விஷயம். லூயிஸ் லசானான்னு ஒரு அமெரிக்க மருந்தியல் மேதை. அவர் பேர்லயே ஒரு கேலி விதி உண்டு: ஆய்வு ஆரம்பிச்ச உடனே அந்த நோய்க்காரங்க வர்றது நின்னுபோகும், ஆய்வு முடிஞ்ச மறுநாள் திரும்ப வர ஆரம்பிப்பாங்க. எதிர்பார்க்கிற எண்ணிக்கை எப்பவுமே கூடுதலா இருக்கும்னு அர்த்தம். இது தெரிஞ்சும் வார்டு ரெஜிஸ்டரை ஒரு தடவை கூடப் புரட்டாம 100-ன்னு எழுத வைக்கிறோம்.

13/
இட்டுக்கட்டின டேட்டாவைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். தீசிஸோட கடைசியில மாஸ்டர் சார்ட்னு ஒரு அட்டவணை இருக்கும். நோயாளி ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. அதுல ஒரு கட்டம் கூட காலியா இல்லைன்னா, 100 பேரும் 1 மாசம், 3 மாசம், 6 மாசம்னு தவறாம ரிவ்யூவுக்கு வந்திருந்தா, அது நம்ம நாட்டு அரசு மருத்துவமனை கிடையாது. இங்க பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் சித்திரையிலதான் திரும்புவார்.

14/
"அதான் பிளேஜியரிசம் சாஃப்ட்வேர் இருக்கே"ன்னு கேட்பீங்க. அது நகலெடுத்த வார்த்தையைப் பிடிக்கும். யுஜிசி 2018-ல கொண்டு வந்த விதிப்படி 10% வரைக்கும் ஒற்றுமை இருந்தா தண்டனை இல்லை. அதனால எல்லாரும் வார்த்தையை மாத்துறதுல கெட்டிக்காரங்க ஆயிட்டாங்க. ஆனா கற்பனையா எழுதின ரத்த அழுத்த எண்ணை எந்த சாஃப்ட்வேரும் பிடிக்காது. ஏன்னா அது ரொம்ப ஒரிஜினல்!

15/
இந்த இடைவெளியிலதான் கடைகள் முளைச்சிருக்கு. "டாபிக் முதல் பைண்டிங் வரை"ன்னு வாட்ஸ்அப் குரூப்புகள்ல விளம்பரம் சுத்துது. டைப்பிங், பைண்டிங் வெளியில கொடுக்கிறது தப்பே இல்லை. புள்ளியியல் நிபுணர்கிட்ட காசு கொடுத்து ஆலோசனை கேட்கிறதும் தப்பில்லை, கேட்டே ஆகணும். ஆனா கேள்வி, டேட்டா, முடிவு மூணும் மாணவரோடதா இருக்கணும். இந்த மூணையும் சேர்த்து விக்கிறது மோசடி.

16/
கடைக்காரர் கொடுக்கிற இன்னொரு சேவை "பி வேல்யூ கொண்டு வந்து தர்றோம்". இதைப் பொதுமக்களுக்கு விளக்கணும். ரெண்டு குழுவுக்கு நடுவுல உண்மையில எந்த வித்தியாசமும் இல்லைன்னு வையுங்க. ஆனா தனித்தனியா 20 விஷயத்தை அளந்து பார்க்கிறீங்க. வெறும் தற்செயலா அதுல ஒண்ணாவது "குறிப்பிடத்தக்க வித்தியாசம்"னு வர்றதுக்கு 64% வாய்ப்பு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கிட்டா தீசிஸ் ஜோரா இருக்கும். விஷயம் பொய்.

17/
"போகட்டும் டாக்டர், யாரும் படிக்காத புத்தகம், யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் 1: நோயாளியோட ரத்தம், நேரம், நம்பிக்கை. நஷ்டம் 2: 3 வருஷம் "எண்ணை வளைக்கலாம்"னு கத்துக்கிட்ட ஒருத்தர் நாளைக்கு நிபுணரா உட்காருவார், இன்னும் 10 வருஷத்துல அவரே கைடு ஆவார். நஷ்டம் 3: அந்த எண்கள் சில சமயம் ஜர்னல்ல வந்து, மத்த ஆய்வுகளோட கூட்டப்பட்டு, சிகிச்சையா திரும்பி வரும்.

18/
மூணாவதை மிகைன்னு நினைக்காதீங்க. ஜெர்மனியில யோவாகிம் போல்ட்னு பிரபலமான மயக்கவியல் டாக்டர். ரத்த அழுத்தம் இறங்கின நோயாளிகளுக்கு ஸ்டார்ச் கலந்த ட்ரிப் நல்லதுன்னு கட்டுரை மேல கட்டுரை எழுதினார். 2011-ல அவரோட கட்டுரைகள் கிட்டத்தட்ட 90 திரும்பப் பெறப்பட்டது. 2013-ல ஜாமா இதழ்ல வந்த அலசல், அவரோட ஆய்வுகளை நீக்கிட்டுப் பார்த்தா அந்த ட்ரிப்பால இறப்பும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுறதைக் காட்டிச்சு. எண்ணை வளைச்சா உயிர் போகும்.

19/
சரி, நம்ம ஊர்ல நல்ல ஆய்வே நடக்கலையா? நடந்திருக்கு, உலகத்தையே மாத்தியிருக்கு. 1956-ல சென்னையில காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. அப்ப காசநோய்னா சானடோரியத்துல மாசக்கணக்கில படுக்கணும். நம்மகிட்ட அவ்வளவு படுக்கை இல்லை. அவங்க கேட்ட கேள்வி ஒரே வரி: நெரிசலான வீட்டுல இருந்துக்கிட்டே மாத்திரை சாப்பிட்டா சரியாகுமா?

20/
200-க்கும் குறைவான நோயாளிகள். பாதிப்பேருக்கு வீட்டுல சிகிச்சை, பாதிப்பேருக்கு சானடோரியத்துல. 1959-ல முடிவு வந்துச்சு. வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பலன் கொடுத்துச்சு. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால ஆபத்து கூடலை. சானடோரியங்கள் காலம் முடிஞ்சதுக்கு இந்த சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஏழை நாட்டு வார்டுல எழுந்த கேள்வி அது.

21/
இன்னும் கிட்டத்துல ஒண்ணு. 2022-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் உறுதியான உடனே எடைக்கும் உயரத்துக்குமான விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, துணையில்லாம நிக்க முடியுதா, இவ்வளவுதான் பார்க்கிறாங்க. மோசமா இருக்கிறவங்களை உடனே அட்மிட் பண்றாங்க. எடை மெஷின், ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒரு கடிகாரம். எந்த பிஜி மாணவரும் கேட்டிருக்கக் கூடிய கேள்வி இது.

22/
இந்தப் பக்கம் நிலைமை என்ன? டாக்டர் சமீரன் நந்தியும் சகாக்களும் 2016-ல வெளியிட்ட கட்டுரை: 2005 முதல் 2014 வரை 10 வருஷத்துல, 579 இந்திய மருத்துவ நிறுவனங்கள்ல 332 நிறுவனங்கள்ல இருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை கூட வரலை. அதுல பிஜி இல்லாத கல்லூரிகளும் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனாலும் வருஷா வருஷம் தீசிஸ் கட்டுக்கட்டா பைண்டிங் ஆகுற நாட்டுல இந்த எண்ணுக்கு நாம வெட்கப்படணும்.

23/
"அப்ப தீசிஸையே ஒழிச்சிடலாமே"ன்னு ஒரு கட்சி இருக்கு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. மருத்துவக் குறிப்பேட்டைக் கூட இங்க சில பேர் சடங்கா எழுதுறாங்க, அதுக்காகக் குறிப்பேட்டை ஒழிக்க மாட்டோம். தீசிஸை முடிக்கக் கூடிய அளவுக்குச் சின்னதா ஆக்கணும். அதுக்கு மாணவர், கைடு, பல்கலைக்கழகம் மூணு பேருக்கும் வேலை இருக்கு.

24/
மாணவருக்கு. முதல் 3 மாசம் டாபிக் தேடாதீங்க. ஒரு சின்ன நோட்டு பாக்கெட்ல வெச்சுக்கோங்க. டூட்டியில "இது ஏன் இப்படி நடக்குது"ன்னு தோணுறதை எழுதுங்க. மாரடைப்போட வந்தவருக்குக் கட்டி கரைக்கிற ஊசி போட எத்தனை நிமிஷம் ஆச்சு? பாம்புக்கடிக்கு முதல் குப்பி மருந்து ஏறினது எப்ப? சர்க்கரை நோயாளியோட பாதத்தை யாராவது செருப்பைக் கழட்டச் சொல்லிப் பார்த்தாங்களா? இது ஒவ்வொண்ணும் ஒரு தீசிஸ்.

25/
பிடிச்ச கேள்வியை எடுத்துக்கிட்டு நேரா எம்ஆர்டிக்குப் போங்க. போன வருஷம் இந்த நோயோட எத்தனை பேர் வந்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல எண்ணுங்க. அதுல பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. அந்த எண்ணிக்கையில பதில் சொல்ல முடியுற கேள்வியா இதை மாத்துங்க. முடியலைன்னா கேள்வியை விட்டுடுங்க. புள்ளியியல் நிபுணரைப் பார்க்க வேண்டியதும் இந்தக் கட்டத்துலதான். டேட்டா எல்லாம் சேர்த்த பிறகு அவரைப் பார்த்தா, அவர் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும்.

26/
ப்ரொஃபார்மாவை 1 பக்கத்துக்கு மேல போட விடாதீங்க. கைடு, இணைக் கைடு, துறைத் தலைவர்னு ஆளுக்கு ரெண்டு கேள்வி சேர்த்து 6 பக்கம் ஆயிடும். ராத்திரி 2 மணி அட்மிஷன்ல யாரும் 6 பக்கம் நிரப்ப மாட்டாங்க. முதல் 10 நோயாளிகள்ல சோதிச்சுப் பாருங்க. நிரம்பாத கட்டத்தைத் தூக்குங்க. வாரத்துக்கு ஒரு நாள் எக்செல்ல ஏத்துங்க. எதை எதோட ஒப்பிடப் போறோம்னு முன்னாடியே எழுதி வெச்சுடுங்க. அறிமுகமும் செய்முறையும் அனுமதி வாங்குற நேரத்துலயே எழுதி முடிச்சிடலாம்.

27/
40 பேர்தான் கிடைச்சாங்களா? 40-ன்னு எழுதுங்க. 12 பேர் திரும்ப வரலையா? அதையும், ஏன் வரலைன்னும் எழுதுங்க. வித்தியாசம் எதுவும் தெரியலையா? தெரியலைன்னு எழுதுங்க. நேர்மையான 40, கற்பனை 100-ஐ விட அறிவியலுக்கும் நோயாளிக்கும் உபயோகம்.

28/
பொதுமக்களுக்கு நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன். ஐசிஎம்ஆர் 2017-ல வெளியிட்ட நெறிமுறைப்படி, ஆய்வைப் பத்தி உங்களுக்குப் புரியுற மொழியில விளக்கணும். தகவல் தாளோட நகல் கேட்டு வாங்கலாம். ஆய்வுக்காக மட்டும் செய்ற பரிசோதனைக்கு உங்ககிட்ட காசு வாங்கக்கூடாது. வேண்டாம்னு சொல்லலாம், பாதியில விலகலாம். அதனால உங்க சிகிச்சை ஒரு துளி கூடக் குறையக்கூடாது. "எதுக்கு, என்ன செய்வீங்க, முடிவு என்ன ஆகும்"னு மூணு கேள்வி கேளுங்க. நல்ல மாணவர் சந்தோஷமா பதில் சொல்வார்.

29/
ஆனா தயவுசெஞ்சு பயந்துபோய் எல்லாத்துக்கும் மறுத்துடாதீங்க. சென்னை காசநோய் ஆய்வுல சம்மதிச்ச அந்தக் குடும்பங்கள் இல்லைன்னா இன்னைக்கு வீட்டுச் சிகிச்சை இல்லை. உங்க சம்மதம் பெரிய விஷயம். அதுக்கு மரியாதை கொடுங்கன்னுதான் எங்க ஆட்கள்கிட்ட கேட்கிறேன்.

30/
கைடுகளுக்கு, மரியாதையோட. சார், மேடம், "ஆடிட் எல்லாம் ஆய்வா"ன்னு கேட்டு நல்ல கேள்விகளைத் திருப்பி அனுப்பாதீங்க. நம்ம வார்டுல நடக்கிறதை நாமளே அளந்து பார்க்கிறது நமக்கு ரொம்பத் தேவை. "நெகட்டிவ் ரிசல்ட்டா, பி வேல்யூ வரலையா"ன்னு முகம் சுளிக்காதீங்க. அந்த ஒரு சுளிப்புதான் மாணவரைக் கடைக்கு அனுப்புது. உங்க சுமையும் தெரியும். ஓபி, வகுப்பு, ஆய்வுக்குழு வருகை எல்லாம் உங்க தலையில. அதனாலதான் சின்னக் கேள்வியா இருக்கட்டும்கிறேன்.

31/
பல்கலைக்கழகத்துக்கும் ஆணையத்துக்கும் நாலு கோரிக்கை. ஒண்ணு: திட்டத்தோட போன வருஷ நோயாளி எண்ணிக்கையை எம்ஆர்டி கையெழுத்தோட இணைக்கச் சொல்லுங்க. அது இல்லாம அனுமதி கிடையாது. இந்த ஒரு தாள் பாதிப் பொய்யைத் தடுக்கும்.

32/
ரெண்டு: தீசிஸை மதிப்பிடுறப்ப மாஸ்டர் சார்ட்ல எதேச்சையா 5 வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த 5 கேஸ் ஷீட்டை எம்ஆர்டியில இருந்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு மணி நேர வேலை. இப்படிப் பார்ப்பாங்கன்னு தெரிஞ்சாலே கடைக்காரர் பாதிப்பேர் வேற தொழில் தேடிப் போயிடுவார்.

33/
மூணு: வாரத்துல அரை நாள் ஆய்வுக்குன்னு ஒதுக்குங்க. டூட்டி பட்டியல்லயே எழுதுங்க. ஐசிஎம்ஆரோட சென்னை நிறுவனம் நடத்துற ஆய்வு முறை ஆன்லைன் படிப்பு நல்ல படிப்பு. ஆனா 30 மணி நேரம் தொடர்ந்து டூட்டி பார்த்தவர் அதைத் தூங்கி வழிஞ்சுதான் பார்ப்பார். நேரம் கொடுக்காம நேர்மையை மட்டும் கேட்கிறது நியாயம் இல்லை.

34/
நாலு: ஒரே கேள்வியை 10 கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கேட்க வழி செய்யுங்க. ஆளுக்கு 40 நோயாளி, மொத்தம் 400. ஒவ்வொருத்தரும் தன் பங்கை வெச்சுத் தனித் தீசிஸ் எழுதட்டும், மொத்தத்தைச் சேர்த்து ஒரு கட்டுரை வரட்டும். நம்ம மாநிலத்துல அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. நோயாளிகள் எண்ணிக்கையில நம்மோட போட்டி போட முடியாத நாடுகள் ஆய்வுல நம்மளைத் தாண்டிப் போறாங்க.

35/
"இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு கேட்கிறவங்களுக்கு: நாலுல எதுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு தாள், ஒரு மணி நேரம், அரை நாள், ஒரு பொது எக்செல் ஃபைல். இதைக் கூடச் செய்ய மாட்டோம்னா, தீசிஸ்ங்கிறது பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்குற ரசீதுன்னு வெளிப்படையா சொல்லிட்டு, நோயாளிகளைக் குத்துறதையாவது நிறுத்தணும்.

36/
பிஜி படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் படிச்சா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு தெரிஞ்சுக்கோங்க. முடிக்க முடியாத வேலையைத் தலையில கட்டிட்டு "ஏன் பொய் சொன்னே"ன்னு கேட்கிற அமைப்பு மேலதான் கோபம். டாபிக் இன்னும் முடிவாகாதவங்க நாளைக்கே எம்ஆர்டிக்குப் போய் ரெஜிஸ்டரை எண்ணுங்க. கைடா இருக்கிறவங்க, பல்கலைக்கழகத்துல குரல் இருக்கிறவங்க 31-ல இருந்து 34 வரைக்கும் எது தப்புன்னு சொல்லுங்க, பேசலாம். தப்பு இல்லைன்னா, அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துல ஒண்ணையாவது முன்வையுங்க.

இழை முடிந்தது.